கூடையில் வராத கியர்பாக்ஸ்

என் அண்ணி எதையும் எண்ணாமல் வாங்க மாட்டார், எண்ணாமல் கொடுக்கவும் மாட்டார். துணி காயப்போட்டால் கிளிப்புகளை எண்ணுவார். பேருந்தில் ஏறினால் பைகளை எண்ணுவார். ஒருமுறை விருந்தாளிகள் கிளம்பியதும் கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்த ஒன்றுவிட்ட அத்தை வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த அத்தை எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அது வேலையில் வந்த பழக்கம். பெரிய மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், பத்தொன்பது வருடமாக அறுவைசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, துணியில் பொதிந்து, நீராவிப் பெட்டிக்குள் அனுப்புகிறார். ஒருநாள் மேலிருந்து வந்த தட்டில் சிறிய இடுக்கி ஒன்று குறைந்தது. எண்ணிக்கை சரியாகும்வரை நோயாளியை மேசையிலிருந்து இறக்கக் கூடாது என்று அண்ணி மேலே சொல்லி அனுப்பினார். பெரிய டாக்டரே இறங்கி வந்து, "நீ வீட்டுக்குப் போ" என்று கத்தினாராம். "எண்ணிக்கை வந்ததும் போறேன் சார்" என்றாராம் அண்ணி. நாற்பது நிமிடம் கழித்து அழுக்குத் துணி மூட்டைக்குள் இடுக்கி கிடைத்தது. டாக்டர் மன்னிப்புக் கேட்கவில்லை. அண்ணியும் அதை எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு எல்லாத் தட்டும் சரியாக இருந்தது, அவ்வளவுதான் என்று சொன்னார்.

இப்படிப்பட்டவர், என் அண்ணனுக்கு வாக்கப்பட்டது விதிதான். அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுப்பார், பூ வேலை செய்வார். கண்ணாடியில் அவர் கை தவறி நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்தால் மூக்குக்கண்ணாடி எங்கே என்று தேடுவார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் அந்தக் கார். பன்னிரண்டு வயதான வண்டி, ஆனால் பந்தய வண்டிக்கு உள்ள எஞ்சின். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதன் கொட்டகை என் தையல் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருப்பதால், அவர் அதைத் துடைப்பதையும் தடவுவதையும் நான் தினமும் பார்ப்பேன்.

"என்னையும் மாசத்துக்கு ஒருதரம் இப்படித் துடைச்சு வெச்சா நானும் பளபளன்னுதான் இருப்பேன்" என்பார் அண்ணி.

"உனக்கு நானூறு குதிரை சக்தி இருக்கா?"

"உங்களை இத்தனை வருஷம் இழுத்துட்டுப் போறேனே, பத்தாதா?"

அந்த வண்டி தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும். மழைக்காலம் முடிந்த சமயம், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது சறுக்க ஆரம்பித்தது. எஞ்சின் கத்தும், வண்டி நகராது. கியர்பாக்ஸ் எண்ணெயை முகர்ந்து பார்த்தால் அடிப்பிடித்த வாடை. அண்ணன் அதை கியர்பாக்ஸ்காரரிடம் கொண்டுபோனார். ஊரில் அந்த ஒரு வேலையை மட்டும் செய்கிறவர் அவர். எஞ்சினைத் தொட மாட்டார், பிரேக்கைப் பார்க்க மாட்டார். கியர்பாக்ஸைக் கழற்றி, முழுதாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றித் திரும்பக் கோர்ப்பார்.

அன்று வீட்டுக்கு வந்த அண்ணனின் முகம் கடுகடுவென்று இருந்தது.

"மூணு வாரம் விட்டுட்டுப் போகச் சொல்றான். சரி, பிரிக்கும்போது பக்கத்துல நின்னு பாக்கறேன்னேன். யாரையும் உள்ள விடறதில்லையாம். என் வண்டி வயித்தை நான் பாக்கக் கூடாதா?"

"நான் அறுவைசிகிச்சை பண்ணிக்கிட்டப்ப உங்களை உள்ள விட்டாங்களா?" என்றார் அண்ணி.

"அப்ப நானே பிரிக்கறேன்னு சொல்லிட்டேன். அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா? 'தாராளமாப் பண்ணுங்க சார். ஆனா நாளைக்குக் கூடையில அள்ளிப் போட்டு எங்கிட்ட கொண்டு வராதீங்க. அடுத்தவன் கை வெச்ச பெட்டியை நான் தொடறதில்ல.'"

அண்ணி யோசித்தார். "அவர் சொல்றதும் சரிதானே. பிரிச்ச பொட்டலத்தை நாங்களும் திரும்ப வாங்க மாட்டோம்."

"நீ யார் பக்கம்?"

"சாப்பிட வாங்க."

அண்ணன் பிரிப்பதென்று முடிவு செய்துவிட்டார். பிரித்துவிட்டால் பின்வாங்க வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். சரியாகக் கோர்த்தால் கார். இல்லையென்றால் கொட்டகையில் ஒரு நீலநிற இரும்பு.

முதல் ஞாயிற்றுக்கிழமை கியர்பாக்ஸை இறக்கினார். நண்பர்கள் இரண்டு பேர் வந்து தூக்கிக் கொடுத்துவிட்டு, "பாத்துப்பா" என்று சொல்லிப் போனார்கள். அண்ணன் நான்கு போல்ட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். ஐந்தாவதைக் கழற்றும்போது முதலாவது எங்கே என்று தேடினார். சமையலறை வாசலில் நின்றிருந்த அண்ணி உள்ளே போனார். வீட்டிலிருந்த தட்டு, தாம்பாளம், கேக் செய்கிற தகரம் எல்லாவற்றையும் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தார்.

"தள்ளுங்க. நீங்க கழட்டுங்க, நான் வாங்கறேன்."

"நீ எதுக்கு இதுல?"

"சும்மா கையில கொடுங்க."

நானும் உதவலாம் என்று தையலில் மிஞ்சிய வெட்டுத் துணிகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போனேன். அண்ணி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், கையை வெளிச்சத்தில் காட்டினார். மெல்லிய பஞ்சிழைகள் ஒட்டியிருந்தன. "இது உள்ள போனா ஓட்டை அடைச்சுக்கும். கோபிச்சுக்காதே கண்ணு. நீ பட்டியல் எழுது." எட்டாவதோடு நின்ற கையெழுத்து என்னுடையது, குண்டு குண்டாக இருக்கும். "படிக்கத் தெரிஞ்சாப் போதும், பரிசுக்கா அனுப்பப் போறோம்?" என்றார்.

மூன்று ஞாயிறு இப்படியே போனது. அண்ணன் கழற்றுவார், பெயரைச் சொல்வார், பெயர் தெரியாவிட்டால் "வட்டமா, பல்லு வெச்சது" என்பார். நான் எழுதுவேன். அண்ணி எண் சொல்லித் தட்டில் வைப்பார். பட்டாணி அளவுக்கு எஃகுக் குண்டுகள் ஏழு இருந்தன. ஏழும் எந்தெந்தக் குழியில் இருந்தன என்று படம் வரைந்துகொண்டார். கருகிய கிளட்ச் தட்டுகளுக்குப் பதில் புதியவை வந்தன. எண்ணெய் கசியாமல் தடுக்கிற ரப்பர் சீல்களும் புதிதாக வந்தன. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்க ஒரே ஒரு தட்டில் முறைவைத்துச் சாப்பிட்டோம்.

எல்லாம் கோர்த்த பிறகு, காரில் ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை இருந்தது. எண்ணெய் போகிற துளைகளில் ஒவ்வொன்றாகக் காற்றை அடிக்க வேண்டும். உள்ளே இருக்கிற கிளட்ச் பிடித்தால் 'டப்' என்று சத்தம் வரும். கண்ணாடிக் கடையிலிருந்து காற்றுப் பம்பைக் கொண்டுவந்திருந்தார் அண்ணன். நண்பர்களுக்குக் காட்டுவதற்காக என் போனில் வீடியோ எடுக்கச் சொன்னார்.

அண்ணி எண் சொன்னார். "ஒண்ணு." டப். "ரெண்டு." டப். "மூணு."

உஸ்ஸ்.

"நாலு" என்றார் அண்ணன்.

"மூணு இன்னும் சொல்லலையே."

"சொல்லுச்சு. மெதுவாச் சொல்லுச்சு. நாலு போடு."

நாலும் ஐந்தும் டப் என்றன. நாளைக்குக் கடைக்கு லீவு, காலையிலேயே ஏற்றிவிடலாம் என்று அண்ணன் கையைக் கழுவிக்கொண்டார். அண்ணி பட்டியலில் மூன்றாம் எண்ணுக்கு எதிரே மட்டும் டிக் போடாமல் விட்டிருந்தார்.

மறுநாள் காலை அண்ணன் எழுவதற்கு முன் அண்ணி என்னைத் தட்டி எழுப்பினார். "போனை எடுத்துட்டு வா." அவர் தோள்பையிலிருந்து ஓர் இரும்புக்குழாய் குடைபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கியர்பாக்ஸைக் காருக்குள் தூக்கி ஏற்றுகிற ஜாக்கியின் கைப்பிடி இரண்டாகக் கழலும். கீழ்ப்பாதியைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். அந்த முனை இல்லாமல் ஜாக்கியின் திருகை மூட முடியாது, மூடாமல் எதையும் தூக்க முடியாது. பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் அந்தக் குழாயைப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

கியர்பாக்ஸ்காரர் அப்போதுதான் கடையைத் திறந்திருந்தார். தகரம் போர்த்திய நீள மேசை, சுவரில் அளவு வாரியாக ஸ்பேனர்கள். துணி ஒன்றுகூட இல்லை, காகிதத்தில்தான் கை துடைத்தார். அண்ணியின் கண் அந்தக் காகிதத்தில் கொஞ்சம் நின்றதைப் பார்த்தேன்.

யார் வீடு என்று அண்ணி சொன்னதும் அவர் சிரித்தார். "கூடை எங்கம்மா?"

"கூடை கொண்டு வரலண்ணே."

"வெளியில வண்டியில இருக்கா?"

"இல்லண்ணே. நீங்க தொட மாட்டீங்கன்னு தெரியும். தொட வேண்டாம். காதால கேட்டாப் போதும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் போனை நீட்டினேன். ரேடியோவை அணைத்துவிட்டுக் காதில் வைத்துக் கேட்டார். மூன்று முறை கேட்டார்.

"நம்பர் சொல்றது யாரு?"

"நான்தான்."

"ம். மூணாம் நம்பர் சீலோட உதடு மடிஞ்சிருக்கும்மா. உள்ள தள்றப்ப மடிஞ்சிரும். எல்லாருக்கும் நடக்கறதுதான்."

"உங்களுக்குமா?"

"எனக்கு மடிஞ்சா யாருக்குத் தெரியும்? எதுக்கு யாரையும் உள்ள விடறதில்லன்னு நெனைச்சீங்க?"

அண்ணி சிரித்தார். வேலை விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அப்படியே ஏத்தினா என்ன ஆகும்?"

"ஒரு வாரம் ஓடும். அப்புறம் உள்ள எல்லாம் கரி. பழைய இரும்புக்காரன்தான் எடுப்பான்." காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டார். "கிழியலைன்னா அதையே போடலாம். நல்லா எண்ணெய் தடவி, மெல்லிசா வழுவழுன்னு எதையாவது வெச்சு உதட்டை உள்ள தள்ளிக்கிட்டே எறக்கச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. நாளைக்கே பாதி ஊரு கூடையோட வாசல்ல நிக்கும்."

அங்கிருந்தே வேலைக்குப் போன அண்ணி சாயங்காலம் வீடு திரும்பியபோது அண்ணன் கொட்டகை வாசலில் டயர்மேல் உட்கார்ந்திருந்தார். ஜாக்கிக்குப் பக்கத்தில் உடைந்த துடைப்பக் கட்டை கிடந்தது.

"கைப்பிடி எங்கடி?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்."

"எதுக்கு? ஜாக்கி போட்டுத்தான் அங்க ஆளைத் தூக்கறீங்களா? கொண்டவளே திருடினா நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

அண்ணி குழாயை எடுத்து அவர் காலடியில் வைத்தார். "மூணாம் நம்பர் சீல் மடிஞ்சிருக்கு. பிரிச்சுப் பாருங்க. மடியலைன்னா நானே ஜாக்கி அடிச்சு ஏத்தித் தரேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மத்ததெல்லாம் டப்புன்னுச்சு. அது உஸ்ஸுன்னுச்சு. உங்களுக்கும்தான் கேட்டுச்சு."

அண்ணன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் அவர் கொட்டகைக்கே போகவில்லை. கைப்பிடி போட்ட இடத்திலேயே கிடந்தது. எடுத்து மாட்டி ஏற்றியிருக்கலாம், தடுப்பதற்கு யாரும் இல்லை. கடைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். மூன்றாம் நாள் காலை தட்டுகள் உரசும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அண்ணன் பிரித்துக்கொண்டிருந்தார். இந்த முறை ஒவ்வொன்றையும் அவரே தட்டில் வரிசையாக வைத்தார்.

சீலின் உதடு ஒரு விரல் நீளத்துக்கு உள்பக்கமாக மடிந்திருந்தது, அவசரத்தில் தைத்த காலர்போல. கிழியவில்லை. அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மடிஞ்சுதான் இருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அண்ணி அலமாரியிலிருந்து ஓர் எக்ஸ்ரே படத்தை எடுத்து வந்து நீளமாக வெட்டினார். போன வருடம் கடை ஏணியிலிருந்து விழுந்து அண்ணன் மணிக்கட்டு உடைந்தபோது எடுத்த படம். "இதை வெச்சு உதட்டைத் தள்ளுங்க. உங்க எலும்பு இதுக்காவது உதவட்டும்."

அண்ணன் எண்ணெய் தடவி, படத்துண்டைச் சுற்றி நகர்த்தி நகர்த்தி, கண்ணாடி அறுக்கும்போது மூச்சைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு இறக்கினார். மறுபடி கோர்த்து, மறுபடி காற்று அடித்தார். அண்ணி, "மூணு" என்றார்.

டப்.

அண்ணி பட்டியலில் டிக் போட்டார். தட்டுகளையெல்லாம் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார். அப்படியும் கேக் தகரத்தில் எண்ணெய் வாடை போகவில்லை.

அடுத்த ஞாயிறு வண்டி ஓடியது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் சின்னதாக ஓர் உதறல் இருந்தது. வேகமான வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார் அண்ணன். எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு நேராக கியர்பாக்ஸ்காரர் கடைக்குத்தான் விட்டார். கடை மூடியிருந்தது. அவர் வீடு பின்னாலேயே இருந்ததால், ஹாரனைக் கேட்டு லுங்கியோடு வந்தார். எஞ்சின் ஓடும் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"யார் பண்ணினது சார்?"

"நானேதான். கூடையில வரும்னு சொன்னீங்களே?"

அவர் குனிந்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். முன்சீட்டில் இருந்த அண்ணி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொன்னேன் சார்" என்றார் அவர். "வரலை."

திரும்பும் வழியெல்லாம் அண்ணன் சிரித்துக்கொண்டே ஓட்டினார். "அந்தாளு முகத்தைப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றார் அண்ணி. மடியிலிருந்த பைகளை எண்ணினார். இரண்டு இருந்தன.