இருபது பெயர் வந்தால் போதுமா?

காரைக்குடி சாப்ட்வேர் ஆபீஸில் நான் எழுதிய ஒரு கோட் அரை நாள்தான் ஓடியது.

நகரத்தார் வீடுகளுக்கு வரன் பார்த்துக் கொடுக்கும் மீனா ஆச்சி எங்கள் கஸ்டமர். பெண்ணின் விவரத்தைக் கொடுத்தால், பொருந்தும் மாப்பிள்ளைகளில் முதல் இருபது பேரைப் புரோகிராம் காட்டும். அதுவரை ஓடிய பழைய புரோகிராம் அதற்கு நாலு நிமிஷம் எடுத்தது. நான் எழுதியது மூன்று செகண்டில் முடித்தது. பத்துப் பெண்களின் விவரத்தை இரண்டிலும் ஓட்டி நேரம் பார்த்தேன். அதிலும் இருபது பெயர், இதிலும் இருபது பெயர். ‘ரிசல்ட் சரி’ என்று எழுதிவிட்டுத் தலைகால் புரியாத குஷியில் காலையிலேயே பழையதை எடுத்துவிட்டு என்னுடையதை லைவில் போட்டேன்.

மதியம் ஆச்சி வந்து, தன் மகளின் விவரத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். வந்த பட்டியலின் முதல் பெயரில் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"இந்தப் பையன் எம் மகளுக்கு அண்ணன் முறையாச்சே! இந்த மாதிரிப் பட்டியல யாருக்கும் அனுப்பிட்டீகளா?"

நான் கல்லல் பக்கத்து விவசாயக் குடும்பம். நகரத்தார் குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு கோயிலைச் சேர்ந்தது, ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும், அதைக் கோடில் வைத்திருந்தேன். வேறு வேறு கோயிலாக இருந்தும் பங்காளி முறையாகிற இரண்டு கோயில்கள் உண்டு என்பது தெரியாது. பழைய புரோகிராம் அதைத் தனியாகப் பார்த்தது. ஒரே வேலையை எதற்கு இரண்டு தடவை என்று நான்தான் அந்தப் பகுதியைத் தூக்கினேன். வரக்கூடாதவர்கள் உள்ளே வந்தாலும் எண்ணிக்கை இருபதுதானே!

அதற்குள் ஆச்சி பெயரில் ஒன்பது வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் பட்டியல் போயிருந்தது. ஒவ்வொன்றையும் பழைய புரோகிராமில் ஓட்டி, பெயருக்குப் பெயர் ஒப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த நாலு நிமிஷம். ஆச்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஊரில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்புதான் அந்தத் தொழிலே. எட்டுப் பட்டியல் சரியாக இருந்தது. ஒன்பதாவதில், கண்டரமாணிக்கத்து வீட்டுக்குப் போனதில், இரண்டு பங்காளிப் பையன்கள்.

ஆச்சி போன் போட்டார். எடுக்கவில்லை. மூன்றாவது தடவைதான் பெண்ணின் அப்பா எடுத்தார். அந்த இருவரில் ஒரு பையனின் வீட்டில் பேச, காரில் அவன் ஊரான நேமத்தான்பட்டியை நெருங்கிவிட்டார்களாம். ஸ்பீக்கரில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"நீங்க அனுப்புனதாச்சே ஆச்சி, அதான் கோயில்கூட விசாரிக்கலை."

"வண்டியத் திருப்புங்க. தப்பு எங்க மேல," என்றார் ஆச்சி. என் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதெல்லாம் பழைய கோட், புதிய கோட் இரண்டின் ரிசல்ட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, வித்தியாசமே இல்லை என்று வந்த பிறகுதான் நேரம் பார்க்கிறேன். திருத்திய கோட் ஒன்பது செகண்ட் எடுக்கிறது. ஆனால் ஆச்சி இன்றும் ஒவ்வொரு பெயரிலும் விரல் வைத்துப் படித்த பிறகே பட்டியலை அனுப்புகிறார். அதற்கு அவருக்குக் கால் மணி நேரம் ஆகிறது.