தண்ணீர் கொடுக்காத கோச்

அமெரிக்காவின் அலபாமாவில், கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருந்தார் வெர்லன். பழைய கோச் மேப்ரி பெரியவரா, இப்போதைய ஹாலிஸ் பெரியவரா என்பதுதான் கடையில் ஓயாத சண்டை. மேப்ரியின் படத்தை வாடிக்கையாளர்களே சுவரில் மாட்டியிருந்தார்கள். வெர்லன் அதைக் கழற்றவில்லை, தூசிகூடத் தட்டுவார்.

அன்று முடிவெட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கேலன்.

"மேப்ரி காலத்துல ஆகஸ்ட் வெயில்லகூட பயிற்சி முடியற வரைக்கும் சொட்டுத் தண்ணி கிடையாது. பசங்க இரும்பா நின்னானுங்க. இந்த ஆளு என்னடான்னா, நிமிஷத்துக்கு ஒரு தடவை குடி, குடிங்கறாரு. இவரு கோச்சா, ஆயாவா?"

கடையே சிரித்தது.

வெர்லனின் தம்பி டாயல் மேப்ரியின் அணியில்தான் ஆடினான். ஓர் ஆகஸ்ட் பயிற்சியில் சுருண்டு விழுந்தவன் எழவே இல்லை. பையனுக்கு இதயம் பலவீனம் என்றார்கள். அந்த வருடம் அணி கோப்பை வென்றது. ஊர் டாயலை மறந்துவிட்டது.

"நீயே சொல்லுப்பா வெர்லன், யாரு பெரியவரு?"

வெர்லனுக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. கேலனின் தலையில் தண்ணீர் தெளித்தார்.

"ஹாலிஸ்."

"அட, மேப்ரி வாங்குன கோப்பையில பாதிகூட இவரு வாங்கலையே!"

"வாங்கல. ஆனா பயிற்சிக்குப் போன பசங்க எல்லாரும் வீட்டுக்குத் திரும்பி வர்றாங்க," என்றார் வெர்லன். "தலையைக் குனி."