மழையில் சைக்கிளேறி வரும் சோறு

மழைக்கு அஞ்சிச் சைக்கிளைக் கைவிட்ட ஒருவன், அதே மழையில் சைக்கிளில் வந்து சேர்ந்த சோற்றை எந்த முகத்தோடு உண்பது?

நான்கு வாரங்களுக்கு முன்புவரை இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. தோன்றியிருக்க வேண்டும்...

பத்திரிகையின் இப்பகுதியைத் தவறாமல் வாசிப்போருக்கு நினைவிருக்கலாம். படித்த இளைஞர் ஒவ்வொருவரும் தாம் வேலை பார்க்கும் கந்தோருக்குச் சைக்கிளில் செல்ல வேண்டுமென்று மாசி மாதத்தில் இங்கே எழுதினேன். உடலுக்கு நலம், மனத்துக்குத் தெளிவு, எவரையும் எதிர்பார்க்காத சுதந்திரம் என்று காரணங்களை அடுக்கினேன். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைவரை நாள்தோறும் நானே ஓட்டியும் காட்டினேன். அப்போது வெயில் காலம்.

வைகாசி பிறந்தது. கடற்காற்றோடு மழை வந்தது. முதல் நாள் நனைந்தேன். இரண்டாம் நாள் தும்மினேன். மூன்றாம் நாளிலிருந்து சைக்கிள் விறாந்தையில் நின்றது. நான் புகைவண்டியில் நின்றேன்.

வெயிலில் எழுதிய கொள்கைக்கு மழையில் யார் பொறுப்பு?

காசிம் நானாவை இனி அறிமுகம் செய்ய வேண்டும். வயதில் அவர் என்னைவிட இரண்டொரு ஆண்டு இளையவராகவே இருப்பார். ஆயினும் வெள்ளவத்தை முழுவதற்கும் அவர் நானா, அதாவது அண்ணன்தான். குடியிருப்பது கோட்டைக்கும் அப்பால், கொட்டாஞ்சேனையில். தொழில், வெள்ளவத்தை வீடுகளில் சமைத்த மதியச் சாப்பாட்டைக் கோட்டைக் கந்தோர்களுக்குச் சைக்கிளில் கொண்டுவருவது. பின்சக்கரத்துக்கு மேல் ஒரு மரப்பெட்டி. அதனுள் இருபத்துநான்கு டிபன் கரியர்கள். காலையில் வெறும் பெட்டியோடு வெள்ளவத்தை, பதினொன்றுக்குச் சுமையோடு கோட்டை, பிற்பகலில் வெறும் பாத்திரங்களோடு மறுபடி வெள்ளவத்தை, அதன்பின் வீடு. நான் ஒரு முறை ஓட்டத் தயங்கிய வீதியை அவர் ஒரே நாளில் நான்கு முறை கடக்கிறார்.

என் சோறும் அந்தப் பெட்டியில்தான் வருகிறது.

வைகாசியின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. பலத்த மழை. காசிம் நானா எங்கள் கந்தோர் வாசலில் இறங்கியபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. சேர்ட்டிலிருந்து நீர் ஓடிக்கொண்டிருந்தது.

“நேரம் பிந்திப் பொய்த்து, ஐயா. இன்னம் மூணு கந்தோருக்குக் குடுக்க ஈக்கி. ஜும்மாத் தொழுகைக்கும் போகணும்.”

“எங்கட ஒன்பதையும் நான் மேல கொண்டுபோய்க் குடுக்கிறன். நீங்கள் போங்கோ.”

அவர் ஒரு கணம் தயங்கினார். “முடிச்ச மட்டும் பாருங்க, ஐயா. வேற ஒண்டும் பாக்க வாணாம்.”

ஒவ்வொரு கரியரின் கைப்பிடியிலும் ஒரு துணித்துண்டு கட்டியிருக்கும். அதிலுள்ள முடிச்சுகளின் எண்ணிக்கையே உரியவரின் அடையாளம்; யாருக்கு எத்தனை என்பது கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். மழையில் ஊறிய முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிக் கிடந்தன. பிரித்து எண்ண எனக்குப் பொறுமை இருக்கவில்லை. பட்டதாரியல்லவா... பாத்திரத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாமென்று நினைத்தேன்.

பளபளக்கும் நான்கடுக்குப் பித்தளைக் கரியரை எங்கள் பெரிய கிளாக்கர் கனகசபையரின் மேசையில் வைத்தேன். நசுங்கிய எனாமல் கரியரை, ஆறு மாதத்துக்கு முன் வேலைக்கு வந்த இளைய கிளாக்கர் துரைராசாவிடம் கொடுத்தேன்.

பித்தளை, துரைராசாவின் மனைவி சீதனமாகக் கொண்டுவந்தது. எனாமல், கனகசபையர் பதினைந்து ஆண்டுகளாக மாற்ற மறுத்து வருவது. சாதியும் வர்க்கமும் ஒழிய வேண்டுமென்று மேடைகளில் பேசுகிற நான், ஒரு பாத்திரத்தின் பளபளப்பைக் கண்டு பதவியைத் தீர்மானித்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் மரக்கறியன்றி வேறெதையும் தொடாத கனகசபையர் முதல் அடுக்கைத் திறந்தார். அறக்குளா மீன் பொரியல்.

மறுபுறத்தில் துரைராசா பூசணிக்காயையும் பருப்பையும் முற்றாக உண்டு முடித்திருந்தார். “மனுசி இண்டைக்கு விரதமாக்கும் எண்டு நினைச்சன்” என்றார், பாவம்.

இரண்டு மணிக்குக் காசிம் நானா பாத்திரங்களை எடுக்க மேலே வந்தார். பெரிய கிளாக்கர் எழுந்து நின்றார்.

“காசிம், இண்டைக்கு என்ன கிழமை?”

“வெள்ளிக்கெழம, ஐயா.”

“வெள்ளிக்கிழமையில நான் மீன் சாப்பிடுறனானோ?”

காசிம் நானா பாத்திரங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறைதான். “சாமான் என்ட பொறுப்பு, ஐயா. பிழயும் என்டதான்.”

“உவைக்கு வெள்ளிக்கிழமையின்ர அருமை எங்க தெரியப்போகுது” என்று கனகசபையர் அறை முழுவதற்கும் கேட்கச் சொன்னார். சொல்லப்பட்டவரின் சட்டைப்பையில் ஜும்மாவுக்கு அணிந்த தொப்பி ஈரமாக மடிந்திருந்தது. சோறு ஒழுங்காக வந்து சேரும்வரை அதைச் சுமப்பவரின் சமயத்தை நாம் கேட்பதில்லை. ஒரு கறி மாறியதும் கேட்டுவிடுகிறோம்.

நான் என்ன செய்தேன்? பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பேச வேண்டிய அந்த ஒரு நிமிடத்தை அப்படியே போக விட்டேன்.

விளைவு சிறியதன்று. காசிம் நானாவின் இருபத்துநான்கு வீடுகளில் பதினாறு, கனகசபையர் குடியிருக்கும் ஒழுங்கையிலும் அடுத்த ஒழுங்கையிலும் உள்ளவை. அவர் சொல்லை அங்கே எவரும் தட்டுவதில்லை. ஆனி முதலாந் திகதியிலிருந்து அவ்வீடுகளின் சாப்பாட்டை மோட்டார் வானில் கொண்டுவர ஒருவர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்; இனி அவருக்கே கொடுக்கப்போவதாகக் கனகசபையர் அன்றே சொல்லிவிட்டார். பதினாறு போனால் எஞ்சும் எட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்?

சனிக்கிழமை காலையில் கனகசபையரின் மேசைக்குச் சென்று, கரியர்களை மாற்றி வைத்தவன் நானே என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“சொன்னது நல்லது. ஆனா ஒண்டு கேக்கிறன். மழை எண்டு சைக்கிளை விட்டது நீர்தானே?”

“ஓம்.”

“படிச்ச மனுசன். பேப்பரில எழுதினதும் நீர்தான். வெறுஞ் சைக்கிளை ஓட உம்மால ஏலாமப் போச்சு. உந்தச் சுமையோட அவன் மழைகாலம் முழுக்க நேரத்துக்கு வருவான் எண்டு நான் எப்பிடி நம்புறது?”

என் சோம்பல் என்னோடு முடிந்துவிடுகிற காரியமென்றே அதுவரை எண்ணியிருந்தேன். அது இன்னொருவரின் பிழைப்புக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போய்விட்டது.

“ஒரு கிழமை பொறுங்கோ, ஐயா. நானும் சைக்கிளில வாறன். அவரும் நேரத்துக்கு வருவார்.”

“வாற வெள்ளிக்கிழமை வரைக்கும். பன்னிரண்டரைக்கு மேசையில சாப்பாடு. ஒருநாள் பிந்தினாலும் வான்தான்.”

இதைக் காசிம் நானாவிடம் சொன்னபோது அவர் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. “எனக்காக ஏன் வாக்குக் குடுத்தீங்க? என்ட கால எனக்குத் தெரியும். உங்கட கால எனக்குத் தெரியாதே.”

திங்கள் முதல் வியாழன்வரை இருவரும் தவறவில்லை. அவரைப் பற்றி அதைச் சொல்வது மிகை. என்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டும் — ஒவ்வொரு காலையும் விறாந்தையில் நின்று வானத்தைப் பார்த்தேன்; ஒவ்வொரு காலையும் புகைவண்டி நிலையம் மிக அருகிலிருப்பதாகத் தோன்றியது. கெடுவின் கடைசி நாளான வெள்ளிக்கிழமை, அவர் வரும் விதத்தை நேரில் காண லீவு எடுத்துக்கொண்டு காசிம் நானாவோடு புறப்பட்டேன்.

என் நீண்ட மழைக்கோட்டைக் கண்டு சிரித்தார். “இது பாய்மரம், ஐயா. காலிமுகத்துல காத்துப் புடிச்சா நேரா கடலுக்குத்தான்.”

அவர் உடம்பில் ஒரு பெனியன், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரம். உலர்ந்த உடுப்பும் தொப்பியும் பெட்டியின் அடியில் ஒரு தகர டப்பாவுக்குள் இருந்தன. முந்திய வெள்ளிக்கிழமை நனைந்த சேர்ட்டோடு தொழ நேர்ந்த பிறகு செய்த ஏற்பாடாம். பெட்டியின் மேல் மெழுகுசீலை. நனையாமல் போவது எப்படியென்று நான் இவ்வளவு நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரோ நனைவதென்று முடிவு செய்துவிட்டே வீட்டை விட்டுப் புறப்படுகிறார்.

“ஒரு நாளாவது வராம நிக்க மனம் வாறதில்லையோ?” என்று கேட்டேன்.

“ஒவ்வொரு நாளும் வரும். மழச் சத்தம் கேட்டா போர்வய இன்னம் கொஞ்சம் இழுப்பேன். கோட்ட வரைக்கும் நெனச்சா எழும்ப ஏலா, ஐயா. மொத வீட்ட மட்டும் நெனப்பேன். அந்தப் புள்ள சோத்த வடிச்சிட்டு வாசலப் பாத்துட்டு நிக்கும். அங்க போனா பொறவு ரெண்டாவது வீடு.”

முதல் வீடு கனகசபையருடையது; அவர் மகள் உண்மையாகவே வாசலில்தான் நின்றாள். “நானா, கவனம். இண்டைக்கு ரசம் இருக்கு.”

“ரசம் எண்டா நான் பள்ளத்த எல்லாம் சுத்தித்தான் போகணும். அப்பாக்கிட்ட சொல்லுங்க, பிந்தினா ரசத்தாலதான்.”

பம்பலப்பிட்டிவரை சிரமமில்லை. கொள்ளுப்பிட்டியில் ஒரு மரம் சரிந்து வீதியின் பாதியை அடைத்திருந்தது. மீதியில் முழங்காலளவு தண்ணீர். பொலிஸ்காரர் கையை நீட்டிச் சிங்களத்தில் தடுத்தார். “பார வஹலா.” வீதி மூடப்பட்டுவிட்டது.

காசிம் நானா மெழுகுசீலையின் ஒரு மூலையை விலக்கிக் காட்டினார். “பத் கெனியனவா, ராலஹாமி.” சோறு கொண்டு போகிறேன் என்று மட்டும் சொன்னார், கெஞ்சவில்லை. பொலிஸ்காரர் பெட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஓரத்துக்கு விலகினார்.

இறங்கித் தள்ளினோம். காலிமுகத்திடலிலும் அவர் ஏறவில்லை. கடலிலிருந்து காற்று பக்கவாட்டில் அறைந்தது. ஏறி மிதித்தால் நேரம் மிச்சமாகுமே என்றேன்.

“இங்க வீராப்புக் காட்டினா சோறு ரோட்டுல. தள்ளுங்க, ஐயா.”

ஒரு கையால் பெட்டியை அணைத்து, தலையைக் குனிந்து, ஒரே வேகத்தில் நடந்தார். நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். துணிவைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். எங்கே இறங்கித் தள்ள வேண்டுமென்று அறிந்திருப்பதும் துணிவின் ஒரு பகுதியென்று அவற்றில் எங்கும் எழுதியதாக நினைவில்லை.

எங்கள் கந்தோரை அடைந்தபோது மணி பன்னிரண்டு இருபது. ஜும்மாவுக்குக் குத்பாப் பிரசங்கம் தொடங்கும் நேரம். மற்ற மூன்று கந்தோர்களும் பள்ளிவாசலுக்குப் போகும் வழியில்தான்.

காசிம் நானா ஒன்பது கரியர்களையும் எடுத்து என் முன்னால் வைத்தார். முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “மேல குடுத்துருங்க, ஐயா” என்றார். தகர டப்பாவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

படிக்கட்டில் அமர்ந்து, நகத்தால் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு முறை எண்ணினேன். பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு எனாமல் கரியர் கனகசபையரின் மேசையில் இருந்தது. அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். சேறு படிந்த என் கால்களைப் பார்த்தார். மூடியைத் திறந்தார். ரசம் சிந்தியிருக்கவில்லை.

“வான்காரனுக்கு வேண்டாமெண்டு சொல்லிவிடுறன்” என்றார், சோற்றைப் பிசைந்தபடியே. இரண்டு பிடி உண்டபின், “போன கிழமை நான் சொன்ன கதை சரியில்லைத்தான்” என்றார். அதைக் காசிம் நானாவிடமே சொல்லுமாறு கேட்டுக்கொண்டேன். இரண்டு மணிக்குக் காசிம் நானா பாத்திரம் எடுக்க வந்தபோது, கனகசபையர் குரலைத் தாழ்த்தி அதைச் சொன்னார்.

ஆனி பிறந்து பத்து நாட்களாகின்றன, மழை விடவில்லை. பதினாறு வீடுகளின் சோறும் காசிம் நானாவின் பெட்டியில்தான் வருகிறது. நானும் சைக்கிளில்தான் வருகிறேன் — நனைந்துகொண்டு.