புருவத்துக்கு நேராக ஓர் ஆணி

வார்ப்புப் பட்டறை முதலாளிக்கு அவர் ஒரு வருடக் கூலியைக் கடன்பட்டிருந்தார். குடித்துப் பட்ட கடன் இல்லை, சீட்டாடிப் பட்ட கடனும் இல்லை. தோளில் சுமந்துகொண்டு போன பொம்மை அச்சு ஒன்று படிக்கட்டில் நழுவி இரண்டாகப் பிளந்துவிட்டது. அப்போது அவருக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவர். கையில் காசு இல்லாததால் முதுகால் அடைத்தார். கடன் தீர்ந்த அன்று முதலாளியின் முகத்துக்கு நேராக நின்று, "இனிமே யாருக்கும் நான் கடன்பட்டவனா இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அப்படியே வாழ்ந்தும் காட்டினார்.

அந்தப் பட்டறையில் வார்த்தவை சினிமாப் பாத்திரங்கள். படம் வெளியாகும்போது தியேட்டர் வாசலில் ஆள் உயரத்துக்கு நிறுத்தி வைப்பார்களே, அந்தப் பொம்மைகள். படம் ஓடி முடிந்ததும் அவை மாடிப்படிக்கு அடியில் ஒட்டடை பிடித்துக் கிடக்கும். நாய்கூடச் சீந்தாத அந்தக் காலத்தில் அவற்றைக் காசு கொடுத்து வாங்கியவர் இவர் ஒருவர்தான். ஊரே சிரித்தது. பிற்பாடு, சின்ன வயதில் தரை டிக்கெட்டில் படம் பார்த்தவர்கள் பணக்காரர்களானார்கள். பழைய பாத்திரங்களை வீட்டுக் கூடத்தில் நிறுத்த ஆசைப்பட்டார்கள். ஊர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டது.

ஆசை வந்த இடத்துக்குப் போலியும் வந்து சேர்ந்தது. அசல் பொம்மையின் மேல் அச்சு எடுத்து நகல் வார்த்துவிடுவார்கள். முகம், கவசம், கைரேகை எல்லாம் அப்படியே இருக்கும். ஆனால் ஃபைபர் காயும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் நகல் எப்போதும் அசலைவிட ஒரு விரல் குட்டையாக இருக்கும். இன்னொரு கூட்டம் படத்தைப் பார்த்து மெஷினில் புதிதாகச் செதுக்கும். திரையில் பார்த்த பிரமிப்பில் அவர்கள் செய்வது ஒரு விரல் உயர்ந்து நிற்கும். குட்டையும் போலி, நெட்டையும் போலி. நடுவில் நிற்பதுதான் அசல்.

அந்த நடுவைக் கண்டுபிடிக்க அவர் டேப் வைத்துக்கொண்டதே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பொம்மையின் எதிரே போய் நிற்பார். எல்லாரும் தேடி அலைந்த ஊமைக் காவலன், இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு படம் முழுக்கப் பேசாமலே கோட்டை வாசலைக் காக்கும் பாத்திரம். அவன் தோள் கவசத்து ஆணி இவருடைய புருவத்துக்கு நேராக வந்தால் அசல். கீழே போனாலும் போலி, மேலே போனாலும் போலி.

"டேப்பு இழுத்தா நீளும். நான் இழுத்தாலும் நீளமாட்டேன்" என்பார்.

அதனால் ஊர் அவருக்கு முழக்கோல் என்று பெயர் வைத்தது. அதைப் பட்டம்போல் அவர் சூடிக்கொண்டார். விலை சொல்லும்போது வாக்கும் கொடுப்பார்: "என் சொல்லு பொய்யாப் போனா என் கையிலேர்ந்து அசல எடுத்து வைப்பேன்." எடுத்து வைக்க வேண்டிய வேளையே வந்ததில்லை.

போன வருடம், மூடிப்போன ஒரு தியேட்டரின் டிக்கெட் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு ஊமைக் காவலனோடு வந்தாள். பாக்கிச் சம்பளத்துக்குப் பதிலாக முதலாளி கொடுத்த பொம்மை அது. அவள் குடியிருந்த வீட்டை உரிமையாளர் விற்கப்போவதாகவும், முன்பணம் புரட்டினால் அவளுக்கே கொடுத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார்.

தியேட்டர்காரர்கள் வருடாவருடம் பெயின்ட் அடித்து அடித்து முகத்தையும் கைகளையும் மெழுகிவிட்டிருந்தார்கள். பார்க்க மிஞ்சியிருந்தது உயரம் ஒன்றுதான். வாசலில் நாலைந்து வியாபாரிகள் வேடிக்கை பார்க்க, முழக்கோல் எதிரே போய் நின்றார். ஆணி புருவத்துக்கு மேலே இருந்தது.

"நெட்டை. மெஷின் வேலைம்மா."

"அண்ணே, படம் ரிலீஸான அன்னிக்கு லாரியிலேர்ந்து எறக்கினத என் கண்ணால பாத்தேனே."

"லாரியில பொய்யும் வரும், தங்கச்சி."

வியாபாரிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கடைத் திறப்பு விழாக்களில் வாடகைக்கு நிறுத்தும் பொம்மைகளுக்கு என்ன விலையோ, அதைக் கொடுத்து அவரே வாங்கிக் கிடங்கில் போட்டார். அதையும் தாராளம் என்றுதான் நினைத்துக்கொண்டார்.

இந்த வருடம் முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் அவரைச் சுவரோரம் நிறுத்தினாள்.

"நேரா நில்லுங்கய்யா."

"என்னை மாதிரி நேரா நிக்கற ஆளு இந்தத் தெருவில இருந்தாக் காட்டு, பாக்கலாம்."

பலகையை அவர் தலைமேல் இறக்கி, நர்ஸ் உயரத்தைச் சொன்னாள்.

"உன் சுவருல கோளாறு. நல்லாப் பாரு."

"காலையிலேர்ந்து வந்த அத்தனை பேருக்கும் ஒழுங்கா இருந்த சுவரு, உங்களுக்கு மட்டும் பொய் சொல்லுமா? வயசானா முதுகெலும்பு அமுங்கும் தாத்தா. எல்லாரும் கொறையத்தான் செய்வாங்க."

"எல்லாரும் கொறையட்டும்."

பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற மனைவி தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா? நீயும் சொல்லேன்."

"என்னத்தச் சொல்றது? ரெண்டு வருஷமா உங்க பேன்ட்ட அடியில மடிச்சு மடிச்சுத் தெச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா தையக்காரன் சட்டையப் புடிச்சிருப்பீங்க."

வீட்டுக்கு வந்தார்கள். முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய சொந்த ஊமைக் காவலன் நின்றான். பட்டறையில் கடன் அடைத்த காலத்தில் அவரே கலவை குழைத்து வார்த்தது, அசலிலும் அசல். பல வருடங்களாக அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்ததில்லை.

"தொற" என்றார்.

மனைவி பூட்டைத் திறந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார். மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினார். ஆணி புருவத்துக்கு மேலே, நெற்றியில் இருந்தது.

"குதிகால தூக்காதீங்க" என்றாள் மனைவி மெதுவாக.

குதிகாலைக் கீழே வைத்தார். ஆணி இன்னும் கொஞ்சம் மேலே போய், புருவத்துக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது.

அன்று அவர் சாப்பிடவில்லை. கணக்கு அதுவாகவே ஓடியது. அசல் நெட்டையாகத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் ஒரு விரல் குட்டையான நகல், அவர் புருவத்துக்குக் கச்சிதமாக வந்து நின்றிருக்கும். டிக்கெட் கவுண்டர் அம்மாளுடையதைப் போலி என்று தள்ளிய அடுத்த மாதமே, மருந்துக்கடைக்காரர் ஒருவருக்காக ஒரு காவலனைப் பார்த்து அசல் என்று முதுகில் தட்டிக் கொடுத்தாரே, அது?

மறுநாள் காலை இரும்பு டேப் ஒன்றை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போனார். தன் சொந்தக் காவலனை முதலில் அளந்து, டேப்பில் மையால் கோடு போட்டு வைத்திருந்தார். கிடங்கில் கிடந்த அம்மாளின் காவலன் அந்தக் கோட்டுக்குச் சரியாக வந்திருந்தான். மருந்துக்கடைக்காரரின் கூடத்தில் நின்ற காவலனோ கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றுவிட்டான்.

"இது நகல், தம்பி."

"யாரு சொன்னது?"

"நான்தான்."

"அசல்னு சொன்னதும் நீங்கதானே பெரியவரே!"

"ஆமா. நான் குட்டையாயிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் சிரித்தார். எதிரே இருந்தவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இங்க பாருங்க. என் சொந்தக்காரங்க எல்லாரும் இது பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டாங்க. வெளிய தெரிஞ்சா எனக்குக் கேவலம், உங்களுக்குப் பொழப்பே போயிடும். நீங்களும் பேசாதீங்க, நானும் பேசல."

சாத்திய கதவையே முழக்கோல் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும். சாகும்வரை அவர் முழக்கோல்தான்.

"அப்படி முடியாது, தம்பி. ஒரு அம்மாவோட பொம்மையப் போலின்னு நாலு பேரு முன்னாடி சொல்லிட்டேன். அது அசல்னு இப்ப அதே நாலு பேருகிட்ட சொல்லணும். ஏன் தப்பாச்சுன்னு கேப்பாங்கல்ல?"

"அந்தம்மாவுக்குக் கையில ஏதாவது குடுத்து முடிச்சுவிடுங்களேன்."

"அது பிச்சை. அவங்க வித்தது அசலு."

மருந்துக்கடைக்காரருக்கு வாக்குப்படி அசல் வைத்தாக வேண்டும். கிடங்கில் கிடக்கும் காவலனைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அடுத்தவள் பொம்மையை வைத்துத் தன் வாக்கை அடைக்க அவருக்கு மனம் வரவில்லை. சாயங்காலமே கண்ணாடிப் பெட்டி காலியானது. வண்டியில் ஏற்றும்போது அவரே ஒரு பக்கம் தூக்கினார். மனைவி தடுக்கவில்லை, துடைக்கும் துணியோடு வாசல்வரை கூடவே வந்தாள்.

டிக்கெட் கவுண்டர் அம்மாளைத் தேடிப் போனபோது, பழைய வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. அவள் தங்கை வீட்டில், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள நடையில் கட்டில் போட்டு இருந்தாள். உட்காரச் சொல்லக்கூட இடமில்லை. நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

"உங்க பொம்மை அசல்மா. என் ஒடம்புதான் பொய் சொல்லிடுச்சு."

"வீட்டுக்காரர் வீட்டை வித்து ஆறு மாசமாச்சு அண்ணே" என்றாள்.

"தெரியும். அங்கதான் முதல்ல போனேன்."

"நான் லாரியில பாத்தேன்னு சொன்னேன்ல? அன்னிக்கு அவங்க சிரிச்சாங்க பாருங்க. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான் பாத்தது நெசந்தானான்னு."

அவர் அந்த நடையின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்தார்.

"பொம்மைய இங்கயே கொண்டாந்து நிறுத்திடட்டுமா?"

"எங்க நிறுத்துவீங்க, என் கட்டில் மேலயா? வித்துக் குடுங்க."

பழைய சினிமாப் பொருள்களுக்குக் கண்காட்சி நடத்துகிறவர்கள் ஒரு ஊமைக் காவலனுக்காக ரொம்ப நாளாகக் காத்திருந்தார்கள். அவர்களுடைய மேனேஜரை வரவழைத்தார். அன்று சிரித்த வியாபாரிகளுக்கும் தானே ஆள் அனுப்பினார். அவர்கள் முன்னிலையில் அம்மாளின் காவலனை நிறுத்தி, மேனேஜர் கையில் டேப்பைக் கொடுத்து, "நீங்க அளங்க. நான் தள்ளி நிக்கறேன்" என்றார். அளவு கோட்டில் வந்து நின்றது. போன வருடம் ஏன் தப்பாகச் சொன்னார் என்பதையும் அவரே சொன்னார். நர்ஸ் இறக்கிய பலகைவரை ஒன்றையும் விடவில்லை.

வியாபாரிகளில் ஒருவர் கேட்டார்: "அப்ப எனக்குப் பாத்துச் சொன்னதெல்லாம்?"

"கொண்டாங்க. ரெண்டு வருஷத்துல நான் பாத்தது எல்லாத்தையும் கொண்டாங்க. தப்பாயிருந்தா என்கிட்ட இருக்கறது தீர்ற வரைக்கும் எடுத்து வைக்கறேன்."

"பொழப்பு போச்சே பெரியவரே" என்றார் இன்னொருவர். கிண்டல் இல்லாத குரல்.

"பொழப்பு நான் உண்டாக்கினதுதானே. வேற ஒண்ண உண்டாக்கத் தெரியாதா எனக்கு?" என்றார்.

மேனேஜர் பேரம் பேசாமல் பணத்தைக் கட்டினார். கமிஷன் எடுக்காமல் கட்டோடு தங்கை வீட்டு நடைக்குப் போனார் முழக்கோல். கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள்.

"நீங்க முன்னாடி குடுத்ததக் கழிச்சுக்கோங்க அண்ணே."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கழித்துக்கொண்டார்.

"இங்கதான் எங்கயாவது வாடகைக்கு ஒரு ரூம் பாக்கணும். கதவு உள்ளது" என்றாள்.

காலமெல்லாம் ஜன்னலுக்குள்ளே இருந்து கை நீட்டிப் பணம் வாங்கியவள், வலது கையை விரித்து நீட்டினாள். எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி அதில் வைக்க ஆரம்பித்தார். நடுவில் எண்ணிக்கை தவறியது. எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கடைசி நோட்டு விழும்வரை அவள் கையை மடக்கவில்லை.