நாலு விரல் காற்று

ஏசுதாசன் எறிந்த பந்து விழவில்லை என்ற செய்தி கோயில் மைதானத்தில் கிளம்பி வாய்க்கால் கரைக்குப் போய்ச்சேர அரைநாள்கூட ஆகவில்லை. ஒரு பந்து, ரெண்டு பந்து என்றால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். இருபது பந்தில் மூன்றுதான் விழுந்தது. அந்த மூன்றிலும் ஒன்று பலகையில் பட்டு, அதுவாகப் பாவம் பார்த்து உள்ளே போனது.

சவேரியார்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ராயப்பன்பட்டிக்கு மேற்கே, மலையடியில், அறுபது எழுபது வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்த ஊர். நெல்லும் கோயிலும் தவிர அந்த ஊருக்குத் தெரிந்த இன்னொரு சங்கதி கூடைப்பந்து. பட்டணத்தில் பயிற்சி எடுத்த ஒரு டிரில் மாஸ்டர் 1923-இல் அங்கே வாத்தியாராக வந்தார். இரண்டே வருஷம் இருந்தார். போகும்போது ஒரு தோல் பந்தையும், ஊருக்கே ஒரு பைத்தியத்தையும் விட்டுவிட்டுப் போனார். வளையத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் கொல்லாசாரி வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவை வெட்டி வளைத்து அடித்துக் கொடுத்தான். யானையே தொங்கினாலும் அது வளையாது.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் கூடைப்பந்து ஆடுகிறவனுக்கு எதிராளி ஐந்து பேர் மட்டும் இல்லை. ஆறாவதாக ஒருவன் உண்டு, அவன்தான் காற்று. வைகாசி பிறந்தால் மலைக் கணவாய் வழியாக இறங்கி, வேட்டியைத் தூக்கி முகத்தில் போர்த்திவிட்டுப் போகும். பந்தை நேராக வளையத்தைப் பார்த்து எறிந்தால் அது வளையத்துக்குப் போகாது, பக்கத்து வயலுக்குப் போகும். காற்று வருகிற பக்கம் கொஞ்சம் தள்ளிக் குறி வைக்க வேண்டும். எவ்வளவு தள்ளி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்கு அந்தோணிமுத்து ஒரு வழி கண்டுபிடித்தான். ஏசுதாசனுக்குக் கூட்டாளி, ஒரே வயது, பக்கத்து வயல். ஆட்டத்தில் அவன் வளையத்துக்கு அடியில் போய், முதுகை பலகைக்குக் காட்டி நிற்பான். எறிகிறவனுக்குப் பின்னாலிருக்கும் தென்னங்கீற்றெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரியும். கீற்று சாய்கிற சாய்வைப் பார்த்து விரல் கணக்குச் சொல்வான். “ஏலே, ரெண்டு!” என்றால் ஏசுதாசன் வளையத்தின் நடுவிலிருந்து ரெண்டு விரல் காற்றுப் பக்கமாகத் தள்ளிக் குறி வைப்பான். “மூணு!” என்றால் மூணு விரல். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, சொல் காதில் விழுந்த கையோடு விட்டுவிடுவான். பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் இப்படித்தான். பெரியகுளத்தில் ஒவ்வொரு வருஷமும் நடக்கிற பந்தயத்தில் ‘சவேரியார்பட்டிக்காரன் வாய்ப்பாடு சொல்லி ஆடுறான்டா’ என்று சிரிப்பார்கள். சிரித்தவர்கள் தோற்றும் போவார்கள்.

அந்தோணிமுத்து செத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. இப்போது 1941. முதல் வருஷம் காசில்லாமலும் அடுத்த வருஷம் யுத்தத்தாலும் நின்றுபோன பந்தயம் இந்த வருஷம் மறுபடி நடக்கப்போகிறது. ஏசுதாசனுக்கு முப்பத்தாறு வயது. ஊர் அவனைத்தான் நம்பியிருந்தது.

அவன் ஏன் எறிய முடியாமல் தவித்தான் என்பதை ஊரில் யாருக்கும் அவன் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், இல்லையென்றால் பயப்படுவார்கள். பந்தைக் கையில் எடுத்து நெஞ்சுக்குக் கொண்டுவந்ததும் வளையத்துக்கு அடியிலிருந்து குரல் கேட்டது.

“ஏலே, நாலு!”

அங்கே யாரும் இல்லை. சில நாள் பள்ளிக்கூட வாத்தியாரும் இந்த வருஷக் காப்டனுமான பீட்டர்ராஜ் நின்றிருப்பான், அவன் வாயைத் திறந்திருக்க மாட்டான். காலையில் இலை அசையாத நேரத்திலும் அதே நாலுதான். ஏசுதாசனின் கை அவனைக் கேட்காமலே நாலு விரல் தள்ளிக் குறி வைக்கும். பந்து வளையத்தின் விளிம்பில் இடித்து வெளியே போகும். கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நேராக எறிந்தாலும் பந்து பாதியிலேயே தொய்ந்துவிடும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “காத்தே இல்லடா, போடா!” என்று கத்திவிட்டான். பீட்டர்ராஜ் பந்தைப் பொறுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

“யார்கிட்டண்ணே பேசுறீக?”

“யார்கிட்டயும் இல்ல. பந்த எடு.”

அது மைதானத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. களத்தில் நெல் அளக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வருவான். அடுத்த மரக்காலை அவன் சொல்வதற்குள் அந்தக் குரல் ‘நாலு’ என்று சொல்லிவிடும். அவன் பெண்சாதி வியாகுலமேரி கூர்மையானவள். புருஷன் நாலாவது மரக்காலில் நின்று நின்று போவதைப் பார்த்தாள். அந்தோணிமுத்துவின் ஆத்மா செபம் கேட்கிறது என்று முடிவு கட்டினாள். மலைக்காய்ச்சலில் ஏலக்காய்த் தோட்டத்திலேயே செத்து, கோயில் மணி அடிக்காமல், அங்கனேயே புதைத்துவிட்டு வந்த உடம்பு அது. சாமியாரிடம் சொல்லி மூன்று பூசை வைத்தாள். உபதேசியார் ஆதித்தன் வந்து பந்துக் கம்பத்துக்குத் தீர்த்தம் தெளித்தார். கம்பம் பரிசுத்தமானது. பந்து விழவில்லை.

பூசையால் ஆகாது என்று ஏசுதாசனுக்குத் தெரியும். செத்தவன் செபம் கேட்கவில்லை, வேறொன்றைக் கேட்கிறான்.

1938-ஆம் வருஷப் பந்தயத்தின் கடைசி ஆட்டம். பெரியகுளத்தில் நல்ல காற்று. சவேரியார்பட்டி ஒரு புள்ளி பின்னால் இருந்தது. விசில் ஊத அரை நிமிஷம்கூட இல்லை. பந்து ஏசுதாசன் கைக்கு வந்தது. வளையத்தடியில் அந்தோணிமுத்து கீற்றுகளைப் பார்த்துக் கத்தினான்: “ஏலே, நாலு!” ஏசுதாசன் நின்ற பக்கம் சனம் சுவராக நின்றது. அவன் கன்னத்தில் காற்றே படவில்லை. அந்தோணிக்குக் கண் மங்கிவிட்டது என்று நினைத்தான். உண்மையைச் சொல்வதென்றால், இத்தனை வருஷம் இன்னொருத்தன் சொல்லித்தான் எறிகிறோம் என்று ஒரு கடுப்பும் உள்ளே இருந்தது. ரெண்டு விரல்தான் வைத்தான். சனத்தின் தலைக்கு மேலே போனதும் பந்தைக் காற்று பிடித்துக்கொண்டது. அது விளிம்பில் இடித்து, நேர் மேலே எழும்பி, வெளியே விழுந்தது. எந்தப் பக்கத்து விளிம்பு என்று பார்த்தவர்கள் இரண்டே பேர், எறிந்தவனும் வளையத்தடியில் நின்றவனும்.

ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு, “என்னாச்சு, என்னாச்சு?” என்று உலுக்கினார்கள். ஏசுதாசன் வாயில் வந்ததைச் சொன்னான். “நாலுன்னான், நாலு வச்சேன். அம்புட்டுக் காத்து இல்ல.”

அந்தோணிமுத்து இரண்டடி தள்ளி நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேட்டான். ஏசுதாசனை ஒரு பார்வை பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து அந்தோணிமுத்துவுக்கு ஊரில் ‘நாலுவிரல்’ என்று பேர். கடைக்குப் போனால் நாலு விரலைக் காட்டுவார்கள். வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனால், “காத்து எத்தனை விரல், மாப்ள?” என்பார்கள். ஆவணியில் அவன் ஏலத்தோட்டத்துக்கு மலையேறினான். காய்ச்சல் காலம், போகாதே என்று சொன்னவர்கள் உண்டு. ஐப்பசியில் செய்தி மட்டும் இறங்கி வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் ஏசுதாசன் பாவசங்கீர்த்தனத்தில் போய், “பொய் சொன்னேன் சாமி” என்றான். எத்தனை தடவை என்று கேட்டார். ஒரு தடவை என்றான். ஐந்து பரலோக மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் என்ன கண்டார்?

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பீட்டர்ராஜ் வந்து தயங்கித் தயங்கிப் பேசினான். “ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம்ணே. அதுக்குள்ள கை சரியாகலைன்னா வேற ஆளப் போடணும். மனசுல வச்சுக்கிராதீக.”

மறுநாள் மத்தியானம் ஏசுதாசன் லூர்து மேரி வீட்டுக்குப் போனான். அந்தோணிமுத்துவின் பெண்சாதி. வாசலில் கேழ்வரகு காயப்போட்டுக் கையால் துழாவிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக அந்தத் தெருவையே அவன் சுற்றிப் போய்க்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை.

“வாங்கண்ணே. என்ன, இங்கன வழி தெரிஞ்சிருச்சு?”

அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டோம் என்று பயந்து நின்றபடியே சொன்னான். “தங்கச்சி, அன்னைக்கு அந்தோணி சொன்னது சரி. நாந்தான் ரெண்டு விரல் வச்சேன். நாலு வச்சேன்னு பொய் சொல்லிட்டேன்.”

லூர்து மேரியின் கை கேழ்வரகில் ஓடிக்கொண்டே இருந்தது.

“எனக்குத் தெரியும்” என்றாள். “அன்னைக்கே வந்து சொன்னாக. ரெண்டுதான் வச்சான், விளிம்புல பட்டத நான் பாத்தேன்னாக. நீங்க ஏன் வாயத் தொறக்கலைன்னு கேட்டேன். அடுத்த வருசமும் அவந்தான எறியணும், ஊரு அவன நம்பாட்டி கை போயிரும்னாக. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு ஏங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக.”

ஏசுதாசனுக்கு வெயிலில் கண் இருட்டியது. இவ்வளவு நாளும் அந்தக் குரல் தன்னைப் பழிவாங்க வருகிறது என்று நினைத்திருந்தான். அது அவனுக்குக் காற்றுத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இதற்குப் பழியே தேவலை என்று தோன்றியது.

“மன்னிச்சிரு ஆத்தா” என்றான்.

“சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னாக. மன்னிக்கச் சொல்லல.” இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். “எம் மகள பள்ளிக்கூடத்துல நாலுவிரல் மகள்னுதான் கூப்புடுறாக. எட்டு வயசு. அப்பன் மூஞ்சி மறந்துபோச்சு அதுக்கு, இந்தப் பேரு மறக்கல. ஏங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? ஊருல சொல்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கோயில் வாசலில் இறங்கியபோது ஏசுதாசன் படியிலேயே நின்றான். அந்த வாசலில்தான் வாய்க்கால் முறை, காணாமல்போன மாடு என்று ஊர்ச் சங்கதியெல்லாம் சொல்வது வழக்கம். அதனால் எல்லாரும் நின்று கேட்டார்கள். அவன் சுற்றி வளைக்கவில்லை. அந்தோணிமுத்து சொன்னது சரி, வைத்தது ரெண்டு, சொன்னது பொய், கோப்பையைத் தோற்றது நான் என்று முடித்தான். கல்லெறிந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தான்.

யாரும் எறியவில்லை. உபதேசியார் ஆதித்தன், “பாவத்த சாமியார்கிட்ட சொல்லணும்யா, எங்ககிட்ட சொன்னா நாங்க என்ன அபராதம் குடுக்கிறது?” என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பீட்டர்ராஜ் படியேறி வந்து தோளில் கை போட்டான்.

“விடுங்கண்ணே. எப்பவோ நடந்தது. இம்புட்டு நாளா இதையா மனசுல போட்டு உழப்பிக்கிட்டு இருந்தீக? கை கூடாததுக்கு இப்பல்ல காரணம் தெரியுது! சொல்லிட்டீக, லேசாயிருச்சு. சாயங்காலம் மைதானத்துக்கு வந்துருங்க.”

“ஆமா, ஏசுதாசா, கோப்பைய இந்தத் தடவ கொண்டாந்துரு, சரியாப்போகும்” என்றது இன்னொரு குரல். அதற்குள் பேச்சு எந்த வண்டி பூட்டிப் போவது, பெரியகுளத்தில் எங்கே தங்குவது என்று ஓடிவிட்டது. அந்தோணிமுத்து என்ற பேரை ஒருவரும் சொல்லவில்லை.

பெண்கள் பக்கம் லூர்து மேரி முக்காட்டை இறக்கிவிட்டு நின்றிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

“பாத்தீகளாண்ணே? அவுக செய்யாத தப்ப மூணு வருசம் சொல்லிச் சொல்லிக் காட்டுனாக. நீங்க செஞ்சத கால்மணி நேரத்துல மறந்துட்டாக.”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏசுதாசன் படியில் நின்று ஊரைப் பார்த்தான். இவர்களுக்கு ஏச ஒரு ஆள் வேண்டும், சுமத்த ஒரு பேர் வேண்டும். தான் போய் ஆடி, கோப்பையோடு வந்தால் தான் செய்தது செய்தியே இல்லாமல் போகும். நாலுவிரல் மட்டும் அந்தப் பிள்ளையின் தலையில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆடாமல் இருந்தால்?

“நான் வரல” என்றான். “இந்த வருசமும் வரல, இனிமேலும் வரல.”

அப்போதுதான் ஊருக்குக் கோபம் வந்தது. பொய் சொன்னதற்கு வராத கோபம். பீட்டர்ராஜ் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான், பிறகு கத்தினான். பந்தயத்துக்கு முந்தின நாள் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியும் ஏசுதாசன் வரவில்லை, வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தான். சவேரியார்பட்டி முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. அன்றைக்குப் பெரியகுளத்தில் பேய்க்காற்று என்றார்கள்.

பழி போட ஊருக்கு இப்போது வசதியாக ஒரு ஆள் கிடைத்தான். அந்த வருஷமும் அவனால் போச்சு, இந்த வருஷமும் அவனால் போச்சு என்று எடுத்துச் சொல்ல இரண்டு கதை இருந்தது. ஆடி பிறப்பதற்குள் அவனுக்குப் பேர் வைத்துவிட்டார்கள்: ரெண்டுவிரல். கடையில் இரண்டு விரலைக் காட்டினார்கள். வாய்க்காலில் கேட்டார்கள், களத்தில் கேட்டார்கள். வியாகுலமேரி அழுதாள், சண்டைக்குப் போனாள், பிறகு அவளுக்கும் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பழைய பேரை விட்டுவிட்டுப் புதுப் பேருக்கு மாறினார்கள்.

அதற்கப்புறம் ஏசுதாசன் பதினெட்டு வருஷம் இருந்தான். பேரப்பிள்ளை வயசுப் பொடிசுகள்கூட “ரெண்டுவிரல் தாத்தா” என்று கூப்பிடுவார்கள். திரும்பி, என்ன என்று கேட்பான். ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. அந்த ஊரில் லூர்து மேரி ஒருத்தி மட்டும் கடைசிவரை அவனை ஏசுதாசண்ணன் என்றுதான் சொன்னாள்.