கவுன்சிலர் வீட்டுக்காரர்

என் முகத்தைச் சுவரில் முதன்முதலாகப் பார்த்தது ராஜகீழ்ப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில்தான். குரோம்பேட்டையில் ஒரு சிறிய பட்டறையில் எனக்கு வேலை. காலை ஷிஃப்டுக்குப் போக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் புது போஸ்டர்கள். என் மனைவி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், அவளைவிடச் சற்றுப் பெரிதாக, நானும் கைகூப்பிக்கொண்டிருந்தேன். நான் அப்படி யாருக்கும் படம் எடுத்துக் கொடுக்கவில்லை. எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து என் தலையை மட்டும் எடுத்து வேறு யாருடைய உடம்பிலோ வைத்திருந்தார்கள். அந்தக் கையில் மோதிரங்கள்கூட இருந்தன.

தேர்தலில் நின்றது அவள். பெண்களுக்கென்று மூன்றில் ஒரு பங்கு வார்டுகள் ஒதுக்கப்பட்ட முதல் உள்ளாட்சித் தேர்தல் அது, தொண்ணூற்றாறில். எங்கள் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டது. குடியிருப்போர் சங்கத்தார் வீட்டுக்கு வந்து அவளைச் சுயேச்சையாக நிற்கச் சொன்னார்கள். போஸ்டரும் அவர்கள் ஏற்பாடுதான். "பொம்பள போட்டோ மட்டும் போட்டா ஓட்டு விழாது சார்" என்றார் சங்கச் செயலாளர். எல்லாப் பெண் வேட்பாளர்களின் போஸ்டரிலும் அப்படித்தான், ஒரு கணவர் இருந்தார்.

பட்டறையில் அன்று வேலை ஓடவில்லை.

"இன்னா மச்சான், ஹீரோ கணக்கா கீற! எப்ப மந்திரி ஆவப்போற?"

"கையில மோதிரம்லாம் பளபளக்குது. எங்களுக்கு ஒண்ணு குடேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டு இரும்பை ராவினேன். பேசுவதென்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே கூச்சம். கண்டக்டர் மீதிச் சில்லறை தரவில்லையென்றால் கேட்காமல் இறங்கிவிடுகிறவன் நான். யார் எதைச் சொன்னாலும் "சரி சார்" என்றுதான் வாயில் வரும். அப்படிச் சொல்லிச் சொல்லியே வேண்டாத பொருளெல்லாம் வீட்டில் சேர்ந்திருந்தது.

என் மனைவி வேறு மாதிரி. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான். ஆனால் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் ஐந்தாறு வருடம் உட்கார்ந்திருந்தாள். துபாய்க்குப் பேச வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் பேச வருகிறவர்கள், வரன் விசாரிக்க வருகிறவர்கள் என்று பாதி வார்டு அவளிடம் வந்து போயிருந்தது. யாரிடமும் அவளுக்குத் தயக்கம் கிடையாது. அவள் ஓட்டுக் கேட்டுப் போன இடமெல்லாம் ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்தாள். பள்ளிக்கூடத் தெரு முனையில் ஒரு சிறுபாலம்.

ஏரியில் தண்ணீர் நிரம்பினால் அது வெளியேறுகிற கால்வாய் அந்த முனையில்தான் சாலையைக் கடக்க வேண்டும். எப்போதோ சாலையை உயர்த்திப் போட்டவர்கள் கால்வாயை மூடிவிட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். சாலைக்கு அடியில் தண்ணீர் போக வழி வைத்து ஒரு சிறுபாலம் கட்டினால் போதும்.

அவள் ஜெயித்தாள். மறுநாளிலிருந்து எல்லோரும் என்னைக் கவுன்சிலர் சார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தெருவிளக்கு எரியவில்லை என்றால் என்னிடம் வந்தார்கள். குப்பை அள்ளவில்லை என்றால் என்னை நிறுத்தினார்கள். அவள் அருகில் நின்றாலும் என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள். முதல் வாரத்திலேயே நான் இரண்டு பேருக்கு "சரி சார்" சொல்லிவிட்டேன். ஒருவர் தன் வீட்டு வாசலுக்குத் தனியாக ஒரு விளக்குக் கம்பம் கேட்டிருந்தார். அன்று மாலை அவள் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்.

"என்னங்க, உங்களுக்கு இல்லைன்னு சொல்ல வராது. எனக்குத் தெரியும். அதனால இனிமே ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. 'அவங்களைக் கேளுங்க சார்.' அவ்வளவுதான். வேற எதுவும் பேசவேணாம்."

அதை நான் பழகிக்கொண்டேன். பஸ்ஸில், டீக்கடையில், பட்டறை வாசலில், எங்கே யார் பிடித்தாலும் "அவங்களைக் கேளுங்க சார்." என் வாழ்க்கையில் யாரிடமும் நான் இவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை.

பேரூராட்சிக் கூட்டத்துக்கு அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவேன். முதல் கூட்டத்தன்று அலுவலக உதவியாளர் எனக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். பெண் உறுப்பினர்களின் நாற்காலிகளுக்குப் பின்னால் இன்னொரு வரிசை போடுவது அன்றிலிருந்து அங்கே வழக்கமாகிவிட்டது. அது கணவர்களுக்கு. எங்கள் பேரூராட்சியில் அப்படி மூன்று பேர் தவறாமல் வருவார்கள். ஒருவர் செங்கல், ஜல்லி வியாபாரி. ஒருவர் பள்ளி ஆசிரியர். மூன்றாமவர் வாடகைக்கு வேன் விடுகிறவர். தீர்மானம் படிக்கப்பட்டதும் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்கும். உடனே முன்னாலிருக்கும் அம்மாவின் கை உயரும். செருமல் வராவிட்டால் கை உயராது. அவ்வளவுதான் கூட்டம்.

நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. அத்தனை பேர் நடுவில் உட்கார எனக்குக் கூச்சம். வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொள்வேன். ஆனால் வெளியே வந்ததும் அவள், "நீங்க உள்ள வராதது எவ்வளவு நல்லதா போச்சு தெரியுமா? எனக்குப் பின்னாடி காலியா இருந்ததைத்தான் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே உட்காரவில்லை.

சிறுபாலத்துக்கு மனு மேல் மனு கொடுத்தாள். பேரூராட்சித் தலைவர் பிடி கொடுக்கவில்லை. ஊர் நுழைவில் ஒரு அலங்கார வளைவு கட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வருட நிதியில் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒருநாள் டீக்கடையில் என் தோளில் கை போட்டார்.

"நீங்க சொன்னா மேடம் கேப்பாங்க. பாலம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம். ஊருக்கு ஒரு அழகு வேணாமா?"

"அவங்களைக் கேளுங்க சார்."

"அட, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"அவங்களைக் கேளுங்க சார்."

கையை எடுத்துக்கொண்டார். "என்ன மனுசன்யா நீ" என்றார். அவர் சலிப்போடு நடந்து போனதைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் சங்கத்தார் போய் நின்றதால் தலைவர் இரண்டு வேலைகளையும் ஓட்டெடுப்புக்கு விட ஒப்புக்கொண்டார். உறுப்பினர்கள் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள். மிச்சமிருந்தது அந்த மூன்று அம்மாக்களின் கை. கணவர்கள் மூவரும் தலைவர் பக்கம். அந்தத் தைரியத்தில்தான் அவர் ஓட்டெடுப்புக்கே சம்மதித்தார்.

"அந்த மூணு பேருக்கும் பாலம்தான் வேணும். நான் தனியா பேசிப் பார்த்துட்டேன்" என்றாள் என் மனைவி, கூட்டத்துக்கு முந்தின நாள். "பின்னாடி செருமறதுக்கு ஆள் இல்லாம இருந்தா போதும். நீங்க அவங்களை ஒரு பத்து நிமிஷம் வெளியே பேசிக்கிட்டிருக்க வைங்க."

"நானா?"

"நீங்கதான் வெளியே நிக்கறீங்க."

நான் சரியாகத் தூங்கவில்லை. மூன்று ஆண்களிடம் பத்து நிமிடம் என்ன பேசுவது? கிரிக்கெட் எனக்குத் தெரியாது. அரசியல் பேசக் கூடாது. படுத்தபடியே ஒரு கேள்வி தயார் செய்தேன். "சாப்பிட்டீங்களா சார்?"

விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடத் தெரு முனையில் தண்ணீர் ஸ்கூட்டரின் கால் வைக்கும் தட்டுவரை வந்தது. நடுவில் வண்டி நின்றுவிட்டது. அவள் இறங்கிப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ள, நான் முன்னால் இழுக்க, இருவரும் பாதி நனைந்து அலுவலகம் போய்ச் சேர்ந்தோம். அவள் அப்படியே ஈரத்தோடு உள்ளே போனாள். மழை விட்டிருந்தது. எதிர் டீக்கடையில் கணவர்கள் மூவரும் நின்றிருந்தார்கள். நான் போனேன்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"ஆச்சு" என்றார் ஆசிரியர்.

அதோடு என் பேச்சு தீர்ந்தது. உள்ளே மணி அடித்தது. மூவரும் கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். என்னையறியாமல் சொன்னேன்.

"சார்... என் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகலை."

மூவரும் நின்றார்கள். திரும்பினார்கள்.

"தண்ணி பூந்துகிச்சா?" என்றார் ஜல்லிக்காரர், வேட்டியை மடித்துக் கட்டியபடி. "சைலன்சர்ல பூந்திருக்கும் சார். சாச்சுப் புடி."

"சாய்க்கவே கூடாது" என்றார் ஆசிரியர். "பிளக்கைக் கழட்டித் துடைக்கணும். நான் பதினெட்டு வருஷமா ஸ்கூட்டர் ஓட்டறேன்."

"நீங்க ஸ்கூட்டர் ஓட்றீங்க. நான் இன்ஜினோட குடும்பம் நடத்தறேன்" என்றார் வேன்காரர். "கார்புரேட்டர்தான். நவுருங்க."

பிளக் வெளியே வந்தது. ஜல்லிக்காரர் அதை வேட்டியில் துடைத்தார். ஆசிரியர் வாங்கி ஊதினார். வேன்காரர் இருவரையும் திட்டிவிட்டுத் திரும்ப மாட்டி உதைத்தார். இன்ஜின் இருமியது. இன்னொரு உதையில் கிளம்பிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. குனிந்து வண்டியைப் பிடிக்கிற சாக்கில் பெட்ரோல் குழாயை மூடினேன். அதன் பிறகு அவர் எவ்வளவு உதைத்தும் பயன் இல்லை.

"பேஜார் புடிச்ச வண்டி" என்றார். பிளக் மறுபடியும் வெளியே வந்தது.

அலுவலக உதவியாளர் ஓடிவந்தார். "சார், ஓட்டு எடுக்கப் போறாங்க. தலைவர் உங்க மூணு பேரையும் உடனே வரச் சொல்றார்."

ஆசிரியர் நிமிர்ந்தார். போகலாமா என்பது போல் மற்றவர்களைப் பார்த்தார். ஜல்லிக்காரர் நிமிரவில்லை. "இரு பா, வந்துகினே கீறோம்னு சொல்லு. பிளக்கு கையில கீது, தெரியல?"

"இவர் மாட்டினா கோணலா மாட்டுவார்" என்று ஆசிரியரும் மறுபடி குனிந்தார்.

நான் உள்வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஜன்னல் வழியாகத் தலைவரின் குரல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அப்போது உள்ளே நடந்ததை அவள் பின்னால் சொன்னாள். வளைவுக்கு யார் என்று கேட்டபோது மூன்று அம்மாக்களும் திரும்பிப் பார்த்தார்களாம். பின்னால் மூன்று காலி நாற்காலிகள். பாலத்துக்கு யார் என்று கேட்டபோது அவள் கையைத் தூக்கிக்கொண்டு அவர்களைப் பார்த்திருக்கிறாள். முதலில் ஜல்லிக்காரரின் மனைவி பாதிக் கை தூக்கினாராம். பிறகு முழுக் கை. மற்ற இருவரும் அதற்குள் தூக்கிவிட்டார்கள்.

கதவு திறந்து முதலில் வந்தவர் ஜல்லிக்காரரின் மனைவிதான். கணவரின் வேட்டியைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இப்டி கரி பூசிக்கினு நிக்கற?"

"அது கெடக்கட்டும். உள்ள இன்னா ஆச்சு?"

"பாலத்துக்குக் கை தூக்கிட்டேன்."

"யாரக் கேட்டுத் தூக்கின?"

"நீதான் செருமவே இல்லியே."

டீக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ஜல்லிக்காரர் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் என் மனைவி வந்துவிட்டாள்.

"சரி, வுடும்மா" என்றார் ஜல்லிக்காரர் அவளிடம். "பாலத்துக்கு ஜல்லி நம்ம கடையிலதான் எடுக்கணும்."

"டெண்டர் போடுங்க அண்ணா. எல்லாரையும் போல."

அவர்கள் போனதும் நான் பெட்ரோல் குழாயைத் திறந்தேன். இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத் தெரு முனை வந்ததும், "நிறுத்துங்க, இறங்கித் தள்ளிக்கிட்டே போலாம்" என்றாள். தள்ளினோம்.

தீர்மானம் நிறைவேறினால் பாலம் தானாக வந்துவிடாது. பொறியாளர் மாறினார். சிமெண்ட் வந்தது, கம்பி வரவில்லை. அவள் வாரம் தவறாமல் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். ஒருமுறை வேலைக்காரர்கள் வராதபோது அவர்களைத் தேடி வண்டலூர் வரை போனோம். அடுத்த மழைக்குச் சற்று முன்னால் வேலை முடிந்தது. மழை கொட்டிய முதல் நாள் பட்டறைக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, தண்ணீர் சாலைக்கு அடியில் ஓடுவதை நின்று பார்த்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது வசதியாக இருந்தது.

அலங்கார வளைவும் பின்னால் வந்தது. அதை எதிர்த்து அவள் பேசவில்லை. பாலம்தான் வந்துவிட்டதே என்றாள்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜல்லிக்காரரின் மனைவி தனியாக மொபெட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தன் வார்டில் ரேஷன் கடைக்குப் பெண்கள் வெகுதூரம் நடக்கிறார்கள், அதற்கு எப்படிப் பேசுவது என்று கேட்டார். இருவரும் அடுப்படியில் நின்று நெடுநேரம் பேசினார்கள். நான் வெளியே மொபெட்டுக்குக் காற்று அடித்துக் கொடுத்தேன்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயத்தில் ஒரு கட்சியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். முன்னறையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் பேசினார்கள்.

"சார், மேடத்துக்கு இந்தப் பக்கம் நல்ல பேர். அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு எங்க கட்சியில மனு போடச் சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"அவங்களைக் கேளுங்க சார்."

அவள் தம்ளர்களோடு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். காபியைக் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மனு போடறேன். சீட்டு கிடைக்குமா கிடைக்காதான்னு இப்ப சொல்லவேணாம். கிடைக்கலைன்னா அடுத்த தடவையும் போடுவேன். ஆனா போஸ்டர்ல இவர் போட்டோ வேணாம்."

"ஏன் மேடம்? குடும்பமா இருந்தா ஜனங்களுக்குப் பிடிக்குமே."

"வேணாம். என் மூஞ்சி போதும்."

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போனதும் பெட்டியைத் திறந்து அவளுடைய பாஸ்போர்ட் அளவுப் படங்களைத் தேடினேன். மனுவோடு மூன்று கேட்டிருந்தார்கள். ஒன்றுதான் இருந்தது. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, "கிளம்பு, தாம்பரம் ஸ்டூடியோ மூடறதுக்குள்ள போயிடலாம்" என்றேன்.