வாத்து எப்படிக் கரை சேரும்?

டெப்போவில் அவருக்கு வைத்த பெயர் பொம்மைப்படம். மீசை முறுக்கிய பஸ் டிரைவருக்கு இப்படி ஒரு பெயர். ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் சீட்டாடுவார்கள். இவரோ தன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, சின்னக் குழந்தைகளுக்கான படங்களை முறைத்து முறைத்துப் பார்ப்பார்.

"என்னண்ணே, வாத்து கரை சேந்துச்சா?" என்பார் கண்டக்டர்.

"சேரல. நீ வந்து தள்ளு."

யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. மேலதிகாரி சொன்னால் இன்னும் கேட்க மாட்டார்.

எல்லாம் மகளுக்காக. மூன்று வயதை எட்டப்போகிறாள். மனைவி நர்ஸ், ஷிஃப்ட் வேலை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது டிரைவரின் அக்கா. டேப்லெட்டில் அக்கா போட்டுவிடும் பொம்மைப்படக் கரடி, பாட்டாகப் பாடி அறிவை வளர்த்தது. குழந்தையும் அத்தனை நிறங்களையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் சிவப்பு டம்ளரை நீட்டி, "இது என்ன கலர்டா?" என்று கேட்டால் பதில் வராது. அவரை அப்பா என்று கூப்பிட்டதும் இல்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்தது.

ஒரு மத்தியானம் சீக்கிரமே வீட்டுக்கு வந்தார். அறையில் கரடி கேட்டுக்கொண்டிருந்தது: "பந்து எங்கே? சொல்லு பார்ப்போம்." கொஞ்சம் மௌனம். "சபாஷ்! சரியா சொல்லிட்டே!"

அறையில் ஒருவருமில்லை. குழந்தை அடுக்களையில் சோற்றுப் பருக்கையைத் தரையில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆளே இல்லாத ரூமுக்கு சபாஷ் போடுதுக்கா. இனிமே இது வேணாம். நான் பாத்து எடுக்கறதத்தான் போடணும்."

"ஊட்டிவிடறது நீயா? அது பாடலேன்னா இவ வாயத் திறக்கறதில்ல. பெரிசா சொல்ல வந்துட்டான்."

அதில் நியாயம் இருந்தது. அதனாலேயே அவருக்கு இன்னும் கோபம் வந்தது. பேச்சு தடித்தது. கடைசியில் அக்கா தீர்த்துச் சொன்னாள். "மாசக் கடைசி வரைக்கும் உன் இஷ்டம். அதுக்குள்ள புள்ள உன்கிட்ட வாயத் திறந்து பதில் சொல்லலேன்னா கரடிதான். பிடிக்கலேன்னா சொல்லு, நான் கிளம்பறேன்."

"அண்ணி போயிட்டா என் வேலையும் போச்சு. யோசிச்சுப் பேசுங்க," என்றாள் மனைவி.

யோசிக்கிற மனுஷனா? "சரி" என்று ஒற்றை வார்த்தையில் ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்துதான் படம் பொறுக்கும் வேலை. கத்துவதைத் தள்ளினார். கண் சிமிட்டுவதற்குள் காட்சி மாறுவதைத் தள்ளினார். வல்லுநர்கள் பரிந்துரைத்தது என்று போட்டிருந்ததைப் பார்க்காமலேயே தள்ளினார், அது நியாயமில்லைதான். அவருடைய கணக்கு ஒன்றே: பஸ் மாதிரி படமும் ஸ்டாப்பில் நிற்க வேண்டும், ஏறி இறங்கக் குழந்தைக்கு நேரம் தர வேண்டும். கடைசியில் ஒரு வாத்துப் படம் தேறியது. நீந்தப் பயப்படும் வாத்து ஒன்று வாய்க்காலைத் தாண்டப் பார்க்கும், அவ்வளவுதான் கதை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கண்டக்டர் குறட்டையே விட்டுவிட்டார்.

மாலைதோறும் மகளை மடியில் வைத்து, படத்தைப் பாதியில் நிறுத்துவார். "வாத்து இப்ப என்ன பண்ணும்?" அவள் கரடியைக் கேட்டு அழுதாள். ஸ்பூனை வீசினாள். ஒருநாள் கையைக் கடித்தே விட்டாள். இவர் விடவில்லை. ஆனால் பொறுமைதான் இல்லையே. பதில் வராத கோபத்தில், "பலகை மேல ஏறும், இல்லியா?" என்று தானே சொல்லிவிடுவார்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா ஒருநாள் நிமிர்ந்தாள். "கேக்கறதும் நீ, சொல்றதும் நீ. உனக்கும் அந்தக் கரடிக்கும் என்னடா வித்தியாசம்?"

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடப் பழகினார். பழக்கம் சரியாகப் பிடிபடவில்லை.

மாசக் கடைசி வந்தது. படத்தை நிறுத்தினார், கேட்டார், காத்திருந்தார். அக்கா துணி மடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோற்றுவிட்டோம் என்று நினைத்து, பழைய புத்தியில் வாயைத் திறந்தார். சின்னக் கை ஒன்று வந்து அந்த வாயைப் பொத்தியது.

"அப்பா பேசாத. நான் சொல்வேன்."

அப்பா! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ சாவகாசமாக யோசித்தாள்.

"வாத்து பஸ்ல போகும்."

படத்தில் பஸ்ஸே கிடையாது. "பஸ்ஸா? அதுல எங்கடி..." என்று அக்கா திருத்த வந்தாள்.

குழந்தை அவள் பக்கம் திரும்பினாள். "அத்தை, இரு. இன்னும் சொல்லல."

அக்கா மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, தம்பிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.